மணமாகாத பெண்கள் பட்டியல்

என் அம்மா இறந்ததில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில் இறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஆனால் இறப்புப் பதிவு அலுவலகம் மூன்று கடிதங்களிலும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தது: ‘தாங்கள் குறிப்பிடும் இறப்பு எங்கள் பதிவேட்டில் காணப்படவில்லை.’

கேட்டது என் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். ஒரு யந்திரம் நின்றால், ஏன் நின்றது என்று தெரியாமல் சாப்பிடப் போகமாட்டான். ஒரு வருஷமாக எங்கள் குடும்ப வரலாற்றைத் திரட்டிக்கொண்டிருந்தான். கட்டட வரைபடம் போடுகிற அகலத் தாளில் கட்டம் கட்டமாகப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, காரணம். யார் வாயால் சொன்னாலும் பென்சிலில்தான் எழுதுவான். அலுவலக முத்திரையோடு ஒரு தாள் கைக்கு வந்தால்தான் பேனா. அப்பாவின் தாத்தா வரைக்கும் பேனாவுக்கு வந்துவிட்டார்கள். பெற்ற தாய் மட்டும் பென்சிலில் நின்றார்.

“லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நின்னாக்கூட, எங்கயோ இருக்குன்னு தெரியும். இவங்க லிஃப்டே இல்லங்கறாங்க, சின்னக்கா” என்றான்.

அவன் சரியாகத்தான் தேடியிருந்தான். பலர் செய்யும் முதல் தவறு, இறந்தவர் குடியிருந்த இடத்து அலுவலகத்தில் போய்க் கேட்பது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். வீடு கிழக்கே இருந்தாலும் உயிர் மேற்கே போயிருந்தால் மேற்கே உள்ள அலுவலகம். அது அவனுக்குத் தெரியும். இரண்டாவது தவறு, இறந்த தேதியை மட்டும் நம்புவது. பதிவேடு தகவல் வந்த வரிசைப்படி எழுதப்படுவது. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஒரு மாதம் தள்ளித்தான் இருக்கும். அதனால் இரண்டாவது விண்ணப்பத்தில் அந்த வருஷம் முழுவதையும் அடுத்த வருஷத்தையும் தேடச் சொன்னான். மூன்றாவதில், பெயரை எப்படியெல்லாம் தப்பாக எழுதலாமோ அப்படியெல்லாம் ஏழு விதமாக எழுதிக் கொடுத்தான். இல்லை, இல்லை, இல்லை.

நான் முப்பத்தொரு வருஷம் அஞ்சலகத்தில் கடிதம் பிரித்தவள். காணாமல் போன கடிதம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் காணாமல் போனதில்லை. யாரோ ஒருவர் நல்ல மனசோடு தப்பான தட்டில் போட்டிருப்பார். அதை நன்றாகத் தெரிந்தவள், தம்பியின் மூன்று கடிதங்களுக்கும் பதில் வந்தபோது உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்தப் பதிவு கிடைக்கவே கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. அதில் ‘தகவல் தந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அங்கே என் கையெழுத்து இருக்கும். அதற்குப் பக்கத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தில் ஒரு பொய் இருக்கும்.

அந்தப் பொய்யை விளக்க, எங்கள் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிட்டோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அம்மா மூத்த பெண். கல்யாணமான பிறகும் அவருடைய தங்கைகள் இரண்டு பேரும் தம்பி ஒருவரும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார்கள். காலையிலிருந்து இரவு வரைக்கும் அக்கா அக்கா என்றே வீடு முழுக்கச் சத்தம். நான் பேசப் பழகியபோது அதையே பிடித்துக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை, அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. பதின்மூன்று வருஷம் கழித்துப் பிறந்த தம்பியும் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அப்படியானால் நான் யார்? சின்னக்கா. இன்றைக்கும் அப்படித்தான். பெற்றவளை அக்கா என்று கூப்பிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். வெளியாட்கள்தான் குழம்புவார்கள்.

அன்றைக்கு டாக்டர் குழம்பினார். அம்மாவுக்கு வயிற்றுக்குள் ஏதோ வெடித்துவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். லாரி ஓட்டப் போயிருந்த அப்பா ஒருநாள் தூரத்தில் இருந்தார். அப்போதெல்லாம் கைபேசி ஏது. வழியில் உள்ள செக்போஸ்ட்டுக்குச் சொல்லிவிட்டிருந்தோம். டாக்டர் அட்டையில் ஒரு தாளைச் செருகி எடுத்துக்கொண்டு வந்தபோது நான் குனிந்து, “அக்கா, தண்ணி குடுக்கலாமான்னு கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்டார்.

“தங்கச்சியா? கணவர் இல்லன்னா பிள்ளைங்க யாராச்சும் போடணும், பெரியவங்களா இருக்கணும். மேஜையிலயே உயிர் போகலாம், போகாமலும் இருக்கலாம். அதுக்கு ஒத்துக்கறோம்னு கையெழுத்து. பிள்ளைங்க இருக்காங்களா?”

எனக்குப் பத்தொன்பது வயது முடிந்திருந்தது. நான்தான் அந்தப் பிள்ளை. மேஜையிலேயே உயிர் போனால் அது என் கையெழுத்தால் போனதாகிவிடும் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் தோன்றியது.

“பையன் ஒருத்தன். ஆறு வயசு” என்றேன்.

“நீங்க?”

“தங்கச்சிதான்.”

அவர் அட்டையைக் கீழே இறக்கினார். அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள். மறுநாள் பதினொன்றரைக்கு அம்மா போய்விட்டார். அப்பா ஒன்றேகாலுக்கு வந்து சேர்ந்தார்.

கையெழுத்துப் போட ஆள் வரவில்லை, அதனால் ஆபரேஷன் நடக்கவில்லை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆள் என்றால் அப்பா. தம்பி அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தான். பதினாறு வயதில் அப்பாவோடு பேச்சை நிறுத்தினான். அப்பா இறந்தபோது வந்து, வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டதாகச் சொல்லிப் போய்விட்டான்.

அப்பாவுக்கு உண்மை தெரியும். பதினாறாம் நாள் என்னைக் கேட்டார், “உன்ன கேக்கலையாம்மா?” என்று. சொல்லிவிட்டேன். நெடுநேரம் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நீ கட்டிக்கிட்டுப் போற பொண்ணு. யாருகிட்டயும் சொல்லாத. நான் லேட்டா வந்தேன், அவ்வளவுதான்” என்றார். அவர் உயிரோடு இருந்த வரைக்கும் அதுவே எங்கள் ஏற்பாடு. அவர் போன பிறகும் நான் அதை மாற்றவில்லை.

நான்காவது தடவை தம்பி விண்ணப்பம் எழுதவில்லை. “நேர்ல போயிடலாம். நீயும் வா, நீதானே அன்னிக்கு எல்லாத்தையும் பார்த்த” என்றான். மறுக்க ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அலுவலகத்தில் மூன்று ஜன்னல்கள், ஒரு நீளப் பெஞ்சு, சுவரில் எந்தப் படிவம் எதற்கு என்று ஒரு பட்டியல். மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் பதிவறை. பதிவறைக் காப்பாளர் என் வயதுக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு பெண்மணி. பக்கம் புரட்டுவதற்காகக் கட்டைவிரலில் ரப்பர் உறை போட்டிருந்தார். தம்பி நீட்டிய கடிதங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஏழு விதமா பேர் எழுதின சார் நீங்கதானா? உங்க கையெழுத்து எனக்கு மனப்பாடம். உங்க அம்மாவ நான் எங்க வீட்டு ஆளத் தேடற மாதிரி தேடினேன்.”

“கிடைக்கலையே மேடம்.”

“நான் ஒளிச்சு வெக்கல சார். வேணும்னா உள்ள வந்து நீங்களே பாருங்க. புத்தகம் வெளிய வராது, நீங்க உள்ள வரலாம்.”

உள்ளே இரும்பு அலமாரிகள். துணி அட்டை போட்ட தடித்த பதிவேடுகள் படுக்க வைக்கப்பட்டிருந்தன. நிற்க வைத்தால் தையல் விட்டுப்போகும் என்றார். எனக்கு அந்த அறை பிடித்துப்போனது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

“பதிவேடு வந்த வரிசை. அதுல நேரா தேடினா ஆயுசு போயிடும்” என்று அவர் தம்பிக்கு விளக்கினார். “அதனால ஒவ்வொரு வருஷ முடிவுலயும் அகர வரிசையில பெயர்ப் பட்டியல் போடுவாங்க. பட்டியல்ல பதிவு எண் இருக்கும், அந்த எண்ணை வெச்சுப் பதிவேட்டைத் திறக்கணும். ஆனா அந்தக் காலத்துல பொம்பளைங்கள அவங்க பேர்ல பட்டியல் போடல.”

“பின்ன?”

“புருஷன் பேர்ல. பதிவேட்டுலயே ‘தந்தை அல்லது கணவர் பெயர்’னு ஒரே கட்டம்தான். அதுல என்ன இருக்கோ அந்தப் பேருக்குக் கீழதான் வருவாங்க. உங்க அப்பா பேர்ல பார்த்தேன், அந்தப் பேர்ல பதினாலு ஆம்பளைங்க, அவங்க பொண்டாட்டிங்க பதினாலு பேர். ஒருத்தரும் உங்க அம்மா இல்ல.”

அவர் தடித்த ஒரு புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். தம்பி விரல் வைத்துப் பதினான்கு வரிகளையும் படித்தான். பிறகு மேலிருந்து மறுபடி படித்தான். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அலமாரியைப் பார்த்தேன். அந்த வருஷத்துத் தடித்த புத்தகம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், அதே துணி, அதே எண், ஒல்லியாக இன்னொன்று இருந்தது.

“அது என்ன?” என்றேன்.

“அது மணமாகாத பெண்கள் பட்டியல்மா. பாதிக்கு மேல சின்னக் குழந்தைங்க. அவங்க அப்பா பேர்ல இருப்பாங்க.”

அப்போது எனக்குப் புரிந்தது. ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கடிதம் எப்படிப் போயிருக்கும் என்று கண் முன்னால் தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் என்னைத் தங்கை என்று எழுதியிருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு இந்த ஜன்னலுக்கு நான்தான் வந்தேன். அன்றிருந்த எழுத்தர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டது, “உங்க அப்பா பேர் என்ன?” தங்கைக்கும் அக்காவுக்கும் ஒரே அப்பாதானே. நான் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் அதை ‘தந்தை’ என்று எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டது, கணவரைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. வருஷ முடிவில் பட்டியல் போட்டவர் தந்தை பெயரைப் பார்த்துவிட்டு ஒல்லிப் புத்தகத்தில் சேர்த்தார். டாக்டரின் சீட்டிலிருந்து கடைசிக் கை வரைக்கும் எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். முதலில் நான் சொன்ன ஒரே ஒரு சொல்தான் தப்பு. அம்மாவின் கணவரை நான் அம்மாவுக்கு அப்பாவாக்கியிருந்தேன்.

வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தால் போதும், இது எந்தக் காலத்திலும் யாருக்கும் கிடைக்காது. தம்பி தேடிக் களைத்து விட்டுவிடுவான்.

அவன் புத்தகத்தை மூடினான். “சரி விடுங்க மேடம். எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்றான். “அந்த மனுஷன் பதிவே பண்ணல. கையெழுத்துப் போட வரல, செத்த பிறகு இங்க வந்து சொல்லக்கூட அவருக்கு நேரமில்ல. லாரியில ஏறிப் போயிருப்பாரு.”

“யாரு சார்?”

“எங்க அப்பாதான். அவர் கட்டத்துல இதையும் எழுதிடறேன். சின்னக்கா, எழுந்திரு, போலாம்.”

நான் எழவில்லை. பதினாறாம் நாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கணக்கில் இன்னொன்றும் ஏறப் போகிறது.

“அந்த ஒல்லிப் புத்தகத்துல பாருங்கம்மா” என்றேன். “அப்பா பேர்லயே.”

காப்பாளர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அதை எடுத்துவந்து திறந்தார். ரப்பர் விரல் நான்கு பக்கம் புரட்டியது, நின்றது. அம்மாவின் பெயர், எந்தப் பிழையும் இல்லாமல், பக்கத்தில் பதிவு எண். அந்த எண்ணுக்குரிய பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். வயது முப்பத்தெட்டு. வார்டு மூன்று. காரணம், குடல் வெடிப்பு. தகவல் தந்தவர்: தங்கை. கீழே என் பத்தொன்பது வயதுக் கையெழுத்து, பள்ளிக்கூடத்து எழுத்து போல வட்ட வட்டமாக.

தம்பி குனிந்து படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

“கல்யாணமே ஆகலையாம் அக்காவுக்கு. அப்ப நாம ரெண்டு பேரும் எங்க இருந்து வந்தோம்? மேடம், விஷயம் இதுதான். நாங்க அம்மாவ அக்கான்னு கூப்பிடுவோம். யாரு உனக்குன்னு கேட்டிருப்பாங்க, இவ அக்கான்னு சொல்லியிருப்பா. அவங்க தங்கச்சின்னு எழுதிட்டாங்க.”

“எங்க வீட்லயும் அப்படித்தான் சார். எங்க மாமியார என் வீட்டுக்காரர் அண்ணின்னுதான் கூப்பிடுவாரு. இந்த மாதிரி நிறைய வரும்” என்றார் காப்பாளர். அவருக்கும் சந்தோஷம், தேடியது கிடைத்துவிட்டதல்லவா. “நகல் இப்பவே தரலாம். ஆனா இப்படியே தந்தா கல்யாணம் ஆகாதவங்கன்னுதான் வரும், நீங்க மகன்னு எதுலயும் நிக்காது. திருத்திட்டு வாங்கறது நல்லது.”

திருத்த இரண்டு வழி இருக்கிறது என்றார். அலுவலகம் தப்பாக எழுதியிருந்தால் ஒரு படிவம். தகவல் தந்தவர் தப்பாகச் சொல்லியிருந்தால் இன்னொன்று. இது கண்ணுக்கு முன்னால் தகவல் தந்தவரின் தப்பு. தகவல் தந்தவர் உயிரோடு இருந்தால் அவரே வர வேண்டும். படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா, இது படிவத்துல இருக்கறது. தப்பா எழுதறாங்கன்னு அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“அதெப்படித் தெரியும்” என்றான் தம்பி. “சின்னப் பொண்ணு மேடம். அம்மா போன நாள்ல கண்ணு தெரிஞ்சிருக்குமா. தெரியாதுன்னு போடுங்க.”

காப்பாளரின் பேனா ஏற்கெனவே ‘தெரியாது’ என்ற கட்டத்துக்கு மேலே நின்றது. அவன் சொன்னதில் முக்கால்வாசி உண்மை இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டாக்டர் காதில் விழுந்தது அக்கா என்ற சொல்தான். அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

“தெரியும்” என்றேன்.

காப்பாளர் பேனாவை எடுத்துவிட்டார். தம்பி திரும்பினான்.

“ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டாங்கடா. பிள்ளைங்க போடலாம்னாங்க. எனக்குப் பயம். தங்கச்சின்னு சொல்லிட்டேன். அப்பறம் இங்க வந்து அதையே சொன்னேன், மாத்திச் சொன்னா அங்க ஏன் சொல்லலன்னு கேப்பாங்கன்னு. அப்பா வர வேண்டிய அவசியமே இல்லடா. நான் போட்டிருக்கலாம்.”

காப்பாளர் வேறு ஏதோ எடுக்கப் போவதுபோல் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார். தம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“பதினாறாம் நாள்ல இருந்து.”

“நான் பேசாம இருந்த அத்தனை வருஷமும் தெரியும்.”

“ஆமாடா.”

“நீ பார்த்துக்கிட்டே இருந்த.”

அவன் வெளியே போனான். பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் நெடுநேரம் ஓடியது. யாரோ, “மூடுங்க சார், வீணாப் போகுது” என்றார்கள். போய்விடுவான் என்று நினைத்தேன். அப்பா இறந்த அன்றும் போனவன்தானே.

திரும்பி வந்தான். சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் காப்பாளரைக் கேட்டான்.

“தெரிஞ்சே சொன்னாங்கன்னா அதுக்கு என்ன வழி?”

“அவங்க கைப்பட வாக்குமூலம் எழுதணும். இரத்த சொந்தம் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து. வேற சொந்தக்காரங்க இருந்தா அவங்க வரட்டும் சார். நீங்கதான் போடணும்னு இல்ல.”

“நான் போடறேன்.” பிறகு என் பக்கம் பாதி திரும்பி, “இதுக்கு மட்டும்தான் போடறேன் சின்னக்கா. மத்தது எனக்குத் தெரியாது” என்றான்.

“சரிடா” என்றேன்.

காப்பாளர் வெள்ளைத்தாள் கொடுத்தார். எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது: அன்று சொன்னது, உண்மை எது, அப்போது தெரியுமா, எதை எதாக மாற்ற வேண்டும். நான்கும் வந்தால் போதும், காரணம் கேட்பதில்லை. அப்படியும் காரணத்தையும் எழுதினேன். நீளமாகிவிட்டது. அவர் படித்துவிட்டு, “இது தேவையில்லம்மா” என்றார். “இருக்கட்டும்” என்றேன். தம்பி அதைப் படிக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினான்.

பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ‘தந்தை’ என்பதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ‘கணவர்’. ‘தங்கை’ மேல் ஒரு கோடு, பக்கத்தில் ‘மகள்’. ஓரத்தில் வாக்குமூலத்தின் எண்ணும் பதிவாளர் கையெழுத்தும். அதன் பிறகு ஒல்லிப் புத்தகத்தில் அம்மாவின் பெயருக்கு நேராக ‘மாற்றப்பட்டது’ என்று ஒரு குறிப்பு, தடித்த புத்தகத்தில் அப்பாவின் பெயருக்குக் கீழே பதினைந்தாவது வரியாக அம்மா, அதே பதிவு எண்ணோடு. மூன்று வாரம் ஆகும். பிறகு யார் கேட்டாலும், மணமான பெண்கள் பட்டியலில் கணவர் பெயரில் தேடினால், முதல் தடவையே கிடைத்துவிடும்.